குழுப் பணத்தின் மேல் ஊர் போட்ட கட்டு

வங்கியில் எங்கள் குழுவுக்குக் கடன் பாஸாகிவிட்டது என்று தகவல் வந்த அதே வாரத்தில்தான் ஏரியில் அடிதடி நடந்தது. முதல் செய்தி கேட்டு நாங்கள் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம். இரண்டாவது செய்தி வந்தபோது அந்தப் பாத்திரத்தை நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

நான் ஆரம்பாக்கத்துப் பெண். எங்கள் நைனா வலையை விட்டுவிட்டு ரயில்வேயில் கேங்மேன் வேலைக்குப் போனவர். அதனால் பத்தாவது வரை படிக்க முடிந்தது. கல்யாணம் கட்டி பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்கு வந்தபோது, அந்த வயதுப் பெண்களில் தடுமாறாமல் எழுதத் தெரிந்தவள் நான்தான். மகளிர் குழு ஆரம்பித்ததும் என்னைக் கேட்காமலே செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

தலைவியாக இருந்தவர் கருவாடு விற்கும் ஒரு அக்கா. புருஷன் காசிமேட்டுப் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரே மகளை அக்கா எண்ணூரில் கட்டிக் கொடுத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினால் பேச்சு நேராக வரும், சுற்றி வராது. குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். வாரா வாரம் பால்வாடியில் கூடி, மீன் விற்ற காசில் கொஞ்சம் போடுவோம். பிள்ளைக்கு நோட்டு வாங்க, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்ய, மழைக்காலத்தில் அடுப்பு எரிய என்று அதிலிருந்தே மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வோம். வெளியே வட்டிக்கு வாங்குவது குறைந்தது. ஆம்பிளைகள் இதைக் கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்களே பெண்டாட்டியை அனுப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

கடன் கேட்டது ஒரு லோடு ஆட்டோ வாங்க. ஐஸ் பெட்டி வைத்து, எங்கள் மீனை நாங்களே பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. வியாபாரி கரைக்கே வந்து, முன்பணம் கொடுத்தவன் என்ற உரிமையில் அவன் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. பணம் எங்கள் குழுக் கணக்கில் வந்து விழுந்தது. எடுக்க வேண்டுமானால் அக்காவும் நானும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த ஊர் என்றைக்கு வலை போடுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. பாடு என்பார்கள். ஊருக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு. அந்த வருஷம் முகத்துவாரம் மண் மூடி, தண்ணீர் இறங்கி, இறால் குறைந்துபோயிருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் பாடு நாளில் வந்து வலை போட்டார்கள் என்று எங்களவர்கள் சொன்னார்கள். நாள் மாறி வந்தது நாங்கள்தான் என்று அவர்கள் சொன்னார்கள். படகுக் கழியால் அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்து இரண்டு பக்கமும் அள்ளிக்கொண்டு போனது. எங்கள் பக்கத்தில் பிடிபட்டவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். இன்னும் இரண்டு பேருடைய பெண்டாட்டிகளும் எங்கள் குழுவில்தான் இருந்தார்கள்.

பொன்னேரி கோர்ட்டு வாசலில் அவரைப் பார்த்தேன். வேனில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். சட்டையில் சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. "பாப்பா சாப்ட்டாளா?" என்று கேட்டார். வேறு எதுவும் பேச விடவில்லை. வீட்டுக்கு வந்தால் மகள், "நைனா எப்போ வரும்?" என்று கேட்டபடியே இருந்தாள். நாளைக்கு என்று சொன்னேன். மறுநாளும் நாளைக்கு என்றேன்.

ஊர் வக்கீல் வைத்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். தொழில் இல்லாத நாளில் எத்தனை வீடு கொடுக்கும்? பத்தவில்லை. ஒருநாள் மத்தியானம் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் வலைக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து, அக்காவையும் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. அதனால் நாங்கள் நின்றோம்.

மூவரில் மூத்தவர் ஆரம்பித்தார். "தோ பாரும்மா, ஊரு புள்ளைங்க உள்ள கீறாங்க. வக்கீல் துட்டு கேக்குறாரு. உங்க கணக்குல துட்டு வந்துகீதுன்னு எல்லாருக்கும் தெரியும். எடுத்துக் குடுத்துடுங்க. பின்னால ஊரு குடுத்துடும்."

"பின்னாலன்னா எப்போ மாமா?" என்றார் அக்கா.

"இன்னா பேச்சு பேசுற? ஊரு ஏமாத்திடுமா?"

"ஏமாத்தும்னு சொல்லல. திருவிழாவுக்குக் கேட்டீங்க, குடுத்தோம். அதுவே இன்னும் வரல. அது எங்க சேமிப்பு, சரின்னு வாய மூடிகினு இருந்தோம். இப்ப வந்துகீறது பேங்க் துட்டு. மாசம் பொறந்தா தவணை கட்டணும். ஒருத்தி கட்டலன்னா மீதி பேரு கட்டணும். ஊரு வந்து பேங்க்ல நிக்குமா?"

பெரியவர் முகம் சிவந்தது. "உன் புருஷன் உள்ள இருந்தா இப்டிப் பேசுவியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மற்ற இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: கையெழுத்துப் போட்டால் அவர் வெளியே வந்துவிடுவார்.

சாயங்காலம் பால்வாடியில் எல்லோரும் கூடினோம். அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன் நடந்ததில்லை. ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினார்கள். "இந்த ஊர்லதான் பொயைக்கணும், ஊர எதுத்துக்கினு எங்க போறது?" என்று ஒருத்தி கேட்டாள். "சண்ட போடச் சொல்லோ நம்பளக் கேட்டாங்களா?" என்று இன்னொருத்தி கேட்டாள். நான் அக்காவிடம் சொன்னேன்: "கையெழுத்துப் போட்டுடலாம்கா. அப்பறம் நடக்கறது நடக்கட்டும். எனக்குத் தூக்கம் வரல."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் துட்டு வாணாம்னு நான் சொல்லலியே," என்றார். "சேமிப்பு கீது. அது நம்ப துட்டு. புருஷன் உள்ள கீற மூணு பேரும் உங்க உங்க பேர்ல கடன் எடுத்துக்கோங்க. வட்டி வாணாம். நேரா வக்கீல் கையில குடுத்து ரசீது வாங்கலாம். பேங்க் துட்டத் தொட வாணாம். ஊர் கையில குடுக்கவும் வாணாம்."

"அப்ப மத்த புள்ளைங்க?"

"அவங்களுக்கு ஊரு கீது. வரி வசூல் பண்ணிகீறாங்க இல்ல, அத வெச்சுப் பாக்கட்டும்."

கையைத் தூக்கச் சொன்னார். பாதிக்குமேல் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஆனால் அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எடுத்துக் கொடுத்துவிட்டால் முடிகிற விஷயத்தை இத்தனை முடிச்சுப் போடுகிறாரே என்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

எங்கள் பணத்தையும் ஊர்ப் பணத்தையும் சேர்த்து வக்கீல் எல்லோரையும் ஜாமீனில் எடுத்தார். என் வீட்டுக்காரர் வந்து இறங்கியபோது ஆரத்தி எடுத்தேன். மகள் அவர் தோளை விட்டு இறங்கவே இல்லை. அடுத்த வாரமே ஊர்க்கூட்டம் போட்டு அக்காவுக்குக் கட்டு விதித்தார்கள். ஊர் கேட்டதை மறுத்துப் பேசினாள், ஊரை நம்பவில்லை என்று சொன்னாள் என்பது குற்றம். கரையில் அவருக்கு யாரும் மீன் போடக்கூடாது, பேசக்கூடாது, நல்லது கெட்டதற்குக் கூப்பிடக்கூடாது. மீறினால் தெண்டம். மறுபடியும் மீறினால் அந்த வீட்டுக்குப் பாடு கிடையாது. அவருக்காகப் பேச அந்தக் கூட்டத்தில் ஆம்பிளை யாரும் இல்லை.

தலையாரி தெருவில் சொல்லிக்கொண்டு போனது எங்கள் வாசலிலும் கேட்டது. சோறு தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிரவில்லை. "கேட்டுக்கினியா?" என்றார்.

"கேட்டேன். அவங்க குடுத்த துட்டுலதான் நீ இங்க குந்திகினு துன்ற."

"வக்கீல வெச்சது ஊரு."

"வக்கீலுக்குத் துட்டு?"

அவர் கையைக் கழுவினார். "எனக்கு நாயம் தெரியும்மே. ஆனா பாடு போச்சுன்னா நாம தின்றது இன்னா? அத மட்டும் சொல்லு." அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். கேஸ் வேறு முடியாமல் இருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊரின் தயவு வேண்டும்.

குழு உதிர ஆரம்பித்தது. முதலில் ஒருத்தி என்னிடம் வந்து, "என் சேமிப்பக் குடுத்துடு, வீட்ல திட்றாங்க," என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் சேமிப்பு முழுக்க எங்கள் மூன்று பேர் தலையில் கடனாக உட்கார்ந்திருந்தது. இறால் இல்லாத பருவம். நாங்கள் எதை விற்றுக் கொடுப்பது? தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "மூணு பேரு வாரிக்கினாளுங்க" என்று என் காதில் விழும்படியே ஒருத்தி சொன்னாள். போன மாதம்தான் அவளும் கையைத் தூக்கியிருந்தாள்.

வங்கிப் பணம் அப்படியே கணக்கில் இருந்தது. அதைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்று அக்கா சொல்லி அனுப்பினார். குழுவே இல்லாதபோது ஆட்டோ எதற்கு? கரையில் மீன் போடாவிட்டால் ஐஸ் பெட்டியில் எதை வைப்பது? பழவேற்காடு பஜாரில் இருக்கிற வங்கிக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் போனோம். வங்கி வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் பேசிக்கொண்டோம். எடுக்காத கடனை ஏன் கட்டுகிறீர்கள் என்று மேனேஜர் திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா, "ஊர்ல கொஞ்சம் பேஜாருங்க சார்," என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்ததும் அக்கா என் முதுகில் ஒருமுறை தடவிவிட்டு, எதிர்ப்பக்கமாக நடந்து போனார். நான் ஒரு டீக்கடை மறைவில் நின்று அழுதேன்.

கரையில் மீன் கிடைக்காத மனுஷி பட்டினி கிடப்பார் என்று ஊர் நினைத்தது. அக்கா ஏரியின் அந்தப் பக்கம் போனார். அங்கே சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கட்டு அவர்களைக் கட்டாது. அந்தப் பெண்களிடம் உயிர் நண்டு வாங்கி, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, கூடையில் ஈரச் சாக்கைப் போட்டு எடுத்து வருவார். பஜாரை ஒட்டி டச்சுக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். சனி ஞாயிறில் அதைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து காரில் வருவார்கள். அந்த மதிலோரம் கூடையை வைத்து உட்கார்ந்தார். வருகிறவர்கள் உள்ளே போய்ப் படம் எடுத்துவிட்டு, வெளியே வந்து நண்டு வாங்கினார்கள்.

நான் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டியிருந்தது. குழு கலைந்துவிட்டது என்பதற்காகக் கடன் கலைந்துவிடுமா? வாரத்தில் ஒருநாள் பஜாருக்குப் போகிற சாக்கில் அந்த மதிலோரம் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். முதல் இரண்டு தடவை கொடுத்ததும் திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை அக்கா, "குந்து, டீ குடிச்சிட்டுப் போ," என்றார். உட்கார்ந்தேன். எங்கள் தெருக்காரி ஒருத்தி பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

ஊர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தெண்டம் போட்டது. "இனிமே அவ போவமாட்டான்னு சொல்லு, விட்டுடறோம்," என்றார்களாம். அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். அதட்டவில்லை. கேட்டார்.

"நீ போவமாட்டன்னு சொல்லிடட்டா?"

"நாளைக்கு நானே போய் அவங்க பக்கத்துல குந்தி விக்கப் போறேன்," என்றேன். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப எடுக்கவும் மனசு வரவில்லை.

அந்தப் பருவத்துக்கு எங்கள் வீட்டுக்குப் பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் காண்ட்ராக்ட் கூலியாகப் போனார். அந்தத் துறைமுகம் வரக்கூடாது என்று ஊரோடு சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்தவர். இப்போது அதே வாசலில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். வீட்டுக்கு வந்தால் மகளிடம் மட்டும் பேசுவார். நான் சோறு போட்டால் சாப்பிடுவார். உப்பு இல்லையென்றால் எழுந்து போய் அவரே எடுத்துக்கொள்வார், கேட்கமாட்டார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மதிலோரத்து வியாபாரம் எங்களைக் காப்பாற்றியது என்று பெருமையாகச் சொல்ல முடியாது. மழை பெய்தால் காரே வராது. வெயிலில் நண்டு செத்தால் அன்றைக்குப் போட்ட முதலும் போச்சு. எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் தின்கிற பொருளை விற்பதா என்று நான் சங்கடப்பட்டபோது அக்கா சிரித்தார். "அவன் ஒண்ணும் கேக்கமாட்டான். நம்ப ஊரு மாதிரியா?" அந்தக் காலத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. கடன் வாங்கிய மற்ற இரண்டு பேரில் ஒருத்தி எங்களோடு வந்து சேர்ந்தாள். இன்னொருத்தி வரவில்லை. ஆனால் தவணையைத் தன் தாய்வீட்டு ஆள் மூலம் தவறாமல் அனுப்பினாள்.

சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முழுவதும் சேர்ந்த பிறகு, விலகிப் போனவர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். ஒவ்வொருத்தியாகப் பஜாருக்கு வந்தார்கள். அக்கா அவரவர் பங்கை எண்ணி, முந்தானையில் துடைத்துக் கையில் வைத்தார். ஒருத்தி வாங்கிக்கொண்டு முகம் பார்க்காமல் போனாள். ஒருத்தி, இத்தனை நாளுக்கு வட்டி இல்லையா என்று கேட்டாள். குழாயடியில் என்னைப் பேசியவள் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா அவளுக்கும் டீ சொன்னார்.

விதித்த கட்டை எடுத்துவிடுகிறோம், தெண்டம் கட்டி ஊர்க் காலில் விழுந்துவிடு என்று அதற்கப்புறம் ஆள் அனுப்பினார்கள். "தெண்டம் வேணும்னா கட்றேன். நான் இன்னா தப்புப் பண்ணேன்னு விழணும்?" என்று அக்கா சொல்லி அனுப்பினார். அதோடு பேச்சு நின்றுபோனது. மகளுக்குப் பிரசவம் என்று எண்ணூருக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். பேரப்பிள்ளையைப் பார்க்க நான் போனபோது, அங்கே மார்க்கெட் வாசலில் கருவாடு வைத்திருந்தார். உடம்பு இளைத்திருந்தது. "ஊர்ல எல்லாம் எப்டி கீறாங்க?" என்று பேர் சொல்லி ஒவ்வொருவரையும் விசாரித்தார். திரும்பி வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அடுத்த பருவத்தில் பாடு திரும்பக் கிடைத்தது. காட்டுப்பள்ளி வேலையை விட்டு ஏரிக்குத் திரும்பினார். என்னோடு பேச்சும் திரும்பியது, முதலில் வலையைப் பற்றி, பிறகு மற்றதைப் பற்றி. அக்காவைப் பற்றி நான் பேசினால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். அது கோபமா, வெட்கமா என்று நான் கேட்டதில்லை.

நான் மறுபடியும் ஒரு குழு ஆரம்பித்தேன். ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் சிலர், எங்கள் தெருவில் சிலர். எங்கள் தெருப் பெண்கள் முதலில் அவர்களோடு ஒரே பாயில் உட்காரத் தயங்கினார்கள். சண்டை, சமாதானம் எல்லாம் ஆன பிறகு உட்கார்ந்தார்கள். ஊர்க் காரியத்துக்குக் குழுப் பணம் கிடையாது என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் அந்த மூத்த பெரியவரின் மருமகள் என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"என்னையும் சேத்துக்கிறியாக்கா?"

எனக்கு என்னென்னவோ வாயில் வந்தது. அடக்கிக்கொண்டு, "உங்க மாமனார் ஒத்துப்பாரா? எங்க துட்டு ஊருக்குக் கிடையாதுன்னு கண்டிஷன் கீது," என்றேன்.

"தெரியும்," என்றாள். திரும்பித் தெருவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்குத்தான் வந்தேன். என் கைக்கு வர்றத வூட்ல ஆம்பிளைங்க எடுத்துக்கிறாங்க. எங்க வெச்சாலும் தேடி எடுத்துக்கிறாங்க."

கூட்டத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் ஆனது. வேண்டாம் என்றவர்களின் பக்கம்தான் என் மனசும் இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, "அவ இன்னாக்கா பண்ணா?" என்று கேட்டாள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சேர்த்துக்கொண்டோம். அடுத்த வாரம் அவள் தன் முதல் சந்தாவைக் கொண்டு வந்தாள். எல்லாம் சில்லறை. மீன் நாற்றம் அடித்தது. நான் வாங்கிக்கொண்டு, பாயில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.